பழைய பிக்கப் ஹீட் ஆகிறதா? ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட்: எதில் முதலில் கை வைப்பது

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பொலேரோ பிக்கப்போ டாடா 207 வண்டியோ ஹீட் ஆகத் தொடங்கினால், உரிமையாளருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ரேடியேட்டர் கடைக்காரர் ரேடியேட்டர் அடைப்பு என்பார். ஷெட்டில் கேட்டால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இறக்கிப் பார்த்துவிடலாம் என்பார்கள். கூட ஓட்டும் டிரைவர் ஒருவர், தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வை, கழற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்வார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் அதிகம் வந்துபோன வண்டிகளை வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் மூன்றுக்கும் செலவு ஒன்றல்ல. தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாயில் முடியும். ரேடியேட்டர் சில ஆயிரம். ஹெட்டை இறக்கினால் கேஸ்கட், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தை எளிதாகத் தாண்டும். வண்டி நிற்கும் நாட்களில் போகும் வாடகை தனிக் கணக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹீட் ஆகும் வண்டிக்கு முதல் செலவாக உதிரிபாகம் எதையும் வாங்காதீர்கள். அரை நாள் உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். பழைய வண்டியில் ஒரே கோளாறு மட்டும் இருப்பது அபூர்வம். ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்திருக்கும், பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்திருக்கும். எதை மாற்றினாலும் ஒரு வாரம் சரியானதுபோலத் தெரியும். சித்திரை வெயிலில் முழு லோடு ஏற்றியதும் பழைய கதைதான். அதனால்தான் சிலர் வரிசையாக நான்கு பொருள்களை மாற்றிவிட்டு, ஐந்தாவதாக உண்மையான காரணத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 2523 சிசி பொலேரோ பிக்கப், 2956 சிசி டாடா 207 டிஐ போன்ற நான்கு சிலிண்டர் டீசல் வண்டிகளை. இதே வகையில் வந்த மற்ற பழைய பிக்கப்புகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எப்போது ஹீட் ஆகிறது?

முதலில் ஒரு வாரம் இதை மட்டும் கவனித்துக் குறித்து வையுங்கள். டிரைவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். "ஹீட் ஆகுதுண்ணே" என்பது போதாது. எங்கே, எந்த வேகத்தில், எவ்வளவு லோடோடு, ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கோயம்பேட்டிலோ ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலோ வரிசையில் நிற்கும்போது டாஷ்போர்டின் வெப்ப முள் ஏறி, பைபாஸில் ஏறியதும் இறங்கிவிடுகிறது என்றால், காற்றோட்டத்தில்தான் குறை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில் விழுகிறது. அப்படியானால் ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் அடைத்திருக்கும் தூசி ஆகியவற்றைப் பாருங்கள். இந்த வண்டிக்கு ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம் காரணம் கேட்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான வண்டி உண்டு. ஊருக்குள் எந்தத் தொல்லையும் தராது. நாலுவழிச் சாலையில் தொடர்ந்து 80-இல் போனாலோ, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை லோடோடு ஏறினாலோ முள் சிவப்புக்குப் போகும். இன்ஜின் உண்டாக்கும் வெப்பம் அப்போது உச்சத்தில் இருக்கிறது, அதை வெளியேற்றும் அளவுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஓடவில்லை. உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். சில நேரம் ஹெட் கேஸ்கட்டின் ஆரம்பக் கசிவும் இப்படித்தான் லோடில் மட்டும் காட்டும்.

மூன்றாவது வகை, காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடத்திலேயே முள் ஏறுவது. அவ்வளவு சீக்கிரம் ரேடியேட்டருக்கு வேலையே வந்திருக்காது. தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டியிருக்கலாம், தண்ணீர் குறைந்து உள்ளே காற்று சிக்கியிருக்கலாம், ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் புகலாம்.

முள் திடீரென்று ஏறி, திடீரென்று இறங்கி, குழியில் விழும்போது ஆடினால் சென்சார் வயரையும் எர்த்தையும் முதலில் பாருங்கள். ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. தண்ணீர் முழுக்க வடிந்துபோன இன்ஜினில் சென்சார் காற்றில் தொங்கும், அப்போது முள் குறைவாகக்கூடக் காட்டும். ஏறிக்கொண்டிருந்த முள் மலைப்பாதையில் சட்டென்று இறங்கினால் நிம்மதியடையாமல் உடனே ஓரம்கட்டுங்கள்.

இன்னொன்று. சில வண்டிகளில் கூலிங் சிஸ்டத்தில் குறையே இருக்காது. ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே ஓடும், அல்லது கிளட்ச் நழுவும், அல்லது அளவுக்கு மீறிய லோடு தினமும் ஏறும். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒன்று மட்டும் அனலடிப்பது தெரியும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் டீசல் டைமிங் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நேரம்) பின்னுக்குப் போயிருந்தாலும் இன்ஜின் கூடுதலாகச் சுடும், இழுவையும் குறையும்.

ஹோஸைத் தொட்டுப் பார்த்தே தெரிவது

துப்பாக்கி வடிவில் வரும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதலில் டாஷ்போர்டு முள் சொல்வது உண்மையா என்று அது காட்டிவிடும். தெர்மோஸ்டாட் உட்காரும் உறையின் மேல் 85, 90 டிகிரிதான் காட்டுகிறது, ஆனால் முள் சிவப்பில் நிற்கிறது என்றால் வண்டி ஹீட் ஆகவே இல்லை. சென்சாரை மாற்றினால் போதும். சென்சார் கோளாறுக்காக ரேடியேட்டர் மாற்றிய வண்டிகள் இருக்கின்றன.

உண்மையிலேயே சுடுகிறது என்றால், ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸையும் வெளியே போகும் கீழ் ஹோஸையும் ஒப்பிடுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் ஹெட்டிலிருந்து மேல் ஹோஸுக்குப் போகும் வாயில் இருக்கும். இன்ஜின் கொதிக்கும் நிலைக்குப் போயும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மேல் ஹோஸ் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் ஏறக்குறைய குளிர்ச்சி என்றால் தண்ணீர் ரேடியேட்டரைக் கடந்து வரவில்லை. உள்ளே அடைப்பு, அல்லது பம்ப் தள்ளவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் அதன் சூட்டை எடுத்துக்கொண்டுபோகக் காற்று வரவில்லை.

பிறகு வெப்பமானியை ரேடியேட்டரின் முகம் முழுக்க மெல்ல நகர்த்திப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருந்து நடுவிலோ ஒரு மூலையிலோ மட்டும் குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை என்று பொருள். ரேடியேட்டரைக் கழற்றாமலே இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சோதனைகளின்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுக்கூடத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அது மெத்தென்று ஆன பிறகு திறங்கள். கொதித்து நிற்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். ஹெட் விரிசல் விட அது ஒன்றே போதும்.

மூடியை முதலில் மாற்றுங்கள்

உதிரிபாகம் வாங்காதீர்கள் என்று சொன்னதற்கு ஒரே விதிவிலக்கு ரேடியேட்டர் மூடி. 0.9 பார் என்று அச்சிட்ட மூடி அந்த அழுத்தம்வரை ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கிறது. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய வெறும் தண்ணீர், இந்த மூடி சரியாக இருந்தால் சுமார் 118 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 18 டிகிரி பாதுகாப்பும் போய்விடும். மலையில் இது இன்னும் முக்கியம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீசல் இன்ஜின் வேலை செய்யும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சமவெளியில் சமாளித்த வண்டி ஊட்டிக்கு ஏறும்போது பொங்குகிறது என்றால் மூடி மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு.

மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் இருக்கிறது. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் பாட்டிலில் இருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுப்பது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால் காலையில் பாட்டில் நிரம்பியிருக்கும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், ஹோஸ் சப்பையாக ஒட்டியிருக்கும். புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் இருந்த அதே பார் அளவைக் கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்: மாற்றுவதா, எடுத்துவிடுவதா

இங்கே நான் பெரும்பாலான டிரைவர்களோடு முரண்படுகிறேன். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்ற கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். எடுத்த மறுநாள் முள் இறங்கியும் இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் செய்வது இரண்டு வேலை. இன்ஜின் குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடுவது முதல் வேலை. இந்த வகை டீசல்களில் பெரும்பாலும் 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும், அந்த எண் தெர்மோஸ்டாட்டிலேயே பொறித்திருக்கும். முழுக்கத் திறந்ததும் உள்ளே சுற்றும் அந்தக் குறுக்கு வழியை அடைப்பது இரண்டாவது வேலை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத் தட்டு இதற்காகவே இருக்கிறது.

அதை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் சுடச்சுட இன்ஜினுக்கே திரும்பும். சாதாரண ஓட்டத்தில் தெரியாது. முழு லோடில், ஏற்றத்தில், மிகவும் தேவைப்படும் நேரத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சுடும். "தண்ணீர் வேகமாக ஓடினால் ஆறாது" என்று இதற்கு ஷெட்டில் சொல்லும் விளக்கம் சரியல்ல. திறந்து கிடக்கும் குறுக்கு வழிதான் காரணம். மார்கழி விடியலில் பால் வண்டியோ காய்கறி வண்டியோ ஓட்டுபவர்களுக்கு எதிர்ப்பக்க நஷ்டம். இன்ஜின் சூடேறவே மாட்டேன் என்னும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், புகை தள்ளும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

சந்தேகம் இருந்தால் கழற்றி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுக்கத் திறக்க வேண்டும். திறக்கவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால் அதே எண் கொண்ட புதியது போடுங்கள். வழியில் மாட்டிக்கொண்டு வீடுவரை வந்து சேர எடுத்துவிடுவது சரி. அப்படியே நிரந்தரமாக ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரேடியேட்டர்: கழுவுவதா, ராடிங்கா, கோர் மாற்றா, புதியதா

நம் ஊரில் பழைய வண்டி ஹீட் ஆவதற்கு மிகப் பெரிய காரணம் போர் தண்ணீர் என்பது என் உறுதியான எண்ணம். வழியில் எந்தக் குழாய் கிடைக்கிறதோ அதில் நிரப்புகிறோம். உப்புத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு படியும். வீட்டுத் தண்ணீர் ஹீட்டரின் காயிலில் வெள்ளையாகப் படிவதே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், அதைவிட மோசமாக இன்ஜினுக்குள் சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. முள் சரியாகக் காட்டினாலும் உள்ளே இரும்பு அதிகச் சூட்டில் இருக்கும். அதற்கு மேல் துருவும், ஓட்டையை அடைக்கப் போட்ட மஞ்சள் தூளும் அடைப்பு மருந்தும் சேர்ந்தால் நடுக்குழாய்கள் மூடிக்கொள்ளும். மஞ்சள் தூள் நடுவழியில் ஊசித்துளைக் கசிவை நிறுத்திக் காப்பாற்றும். ஆனால் ஊர் வந்ததும் சிஸ்டத்தைக் கழுவாமல் விட்டால், கசிவை நிறுத்திய அதே பொருள் அடைப்பாக மாறும்.

என்ன செய்யலாம் என்பது முதலில் ரேடியேட்டர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. பழைய வண்டிகளில் செம்பு, பித்தளையில் செய்து ஈயப் பற்றுவைத்த ரேடியேட்டர் இருக்கும். பிறகு வந்தவற்றில் அலுமினியக் கோரும் (குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) இருபுறம் பிளாஸ்டிக் தொட்டியும். இரண்டுக்கும் வழி வேறு.

படிவு லேசாக இருந்தால் கழற்றாமல் கெமிக்கல் போட்டுக் கழுவலாம். சிட்ரிக் அமிலம் அடிப்படையிலான கிளீனர், அல்லது நிறுவனங்கள் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ், பாட்டிலில் சொன்ன நேரம் மட்டும் ஓட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். இது மலிவு, ரேடியேட்டர் தவிர இன்ஜினின் உள்பக்கமும் ஓரளவு சுத்தமாகும். முழுக்க அடைத்த குழாயை மட்டும் இது திறக்காது. தண்ணீரே போகாத குழாயில் கெமிக்கல் எப்படிப் போகும்? சாலையோரக் கடைகளில் கக்கூஸ் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அது பற்றுவைத்த இடத்தையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். ஒரு மாதத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். என் வண்டியில் அதைச் செய்ய விடமாட்டேன்.

வெப்பமானியில் குளிர்ந்த திட்டு தெரிந்த செம்பு ரேடியேட்டருக்கு ராடிங்தான் சரியான வேலை. மேல் கீழ் தொட்டிகளைப் பற்றிலிருந்து பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டுப் படிவைத் தள்ளி, திரும்பப் பற்றுவைப்பார்கள். கைத்திறன் உள்ள ஆள் கிடைத்தால் பழைய ரேடியேட்டர் பல வருடம் ஓடும். ஆனால் பிரித்ததும் நீங்களே போய்ப் பாருங்கள். குழாய் ஓரங்கள் பச்சையாக அரித்திருந்தால், குளிர்விக்கும் தகடுகள் விரலால் தொட்டாலே உதிர்ந்தால், ராடிங் கூலி வீண். தகடு குழாயோடு ஒட்டியிருந்தால்தான் வெப்பம் வெளியே போகும். அந்த நிலையில் தொட்டிகளை வைத்துக்கொண்டு கோர் மட்டும் மாற்றலாம், அல்லது முழு ரேடியேட்டரும் மாற்றலாம்.

இவ்விரண்டில் நான் கோர் மாற்றுவதையே விரும்புவேன், ஒரு நிபந்தனையோடு. புதுக் கோரில் பழையதில் இருந்த அதே எண்ணிக்கை வரிசைக் குழாய்கள் இருக்க வேண்டும். மூன்று வரிசை இருந்த இடத்தில் இரண்டு வரிசைக் கோரை வைத்து விலை குறைத்துக் கொடுப்பது நடக்கிறது. வெளியே பார்த்தால் பளபளவென்று புதிதாக இருக்கும், லோடில் பழைய அடைத்த ரேடியேட்டரைப் போலவே சுடும். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பருமனை அளந்து பாருங்கள்.

அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி வகையில் ராடிங்குக்கு இடமில்லை. தொட்டியை மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பைப் பிரித்துத் திரும்ப மடித்தால் பெரும்பாலும் கசியும். பிளாஸ்டிக்கும் பத்து வருடச் சூட்டில் நொறுங்கும் நிலையில் இருக்கும். கழுவிப் பார்த்துத் திருந்தாவிட்டால் புதியது வாங்குவதுதான் வழி. அவ்வகை வண்டிக்கு ஊருக்குள் ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்பதை நம்பி மலையேற வேண்டாம்.

எதைச் செய்தாலும் அடுத்து நிரப்புவது போர் தண்ணீராக இருந்தால் செலவு செய்ததற்கு அர்த்தமில்லை. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப் பாதி. கூலன்ட் உறையாமல் இருக்கத்தான், நமக்கு எதற்கு என்பார்கள். அதில் இருக்கும் துருத்தடுப்பான்கள்தான் நமக்கு வேண்டியவை. கொதிநிலையும் சில டிகிரி உயரும். தண்ணீரே கலக்காமல் வெறும் கூலன்ட்டை ஊற்றுவதும் தவறு, வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரைவிட அது மட்டம். வடிக்கும் பழைய கூலன்ட்டைத் தரையில் தேங்கவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது விஷம்.

ஃபேனும் பம்பும்

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பெல்ட்டில் நேராகச் சுற்றும் ஃபேன் என்றால் பெல்ட்டின் இழுவிசையையும் இறக்கைகளையும் பார்த்தால் போதும். சிலிகான் ஆயில் வழியாகச் சுழற்சி கிடைக்கும் விஸ்கஸ் ஃபேன் என்றால், இன்ஜினை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே கையால் சுற்றுங்கள். எதிர்ப்பு இருக்க வேண்டும். காற்றாடிபோலச் சுலபமாகச் சுற்றினால், நடுமையத்தைச் சுற்றி எண்ணெய்க் கசிவின் கோடு தெரிந்தால், உள்ளிருக்கும் சிலிகான் ஆயில் போய்விட்டது. ஓடும் ஃபேனிடம் கையோ துணியோ எதுவும் போகக் கூடாது. ரேடியேட்டர் வேலைக்குக் கழற்றிய கூண்டைத் திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள் ஏராளம். அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா இருக்கும். இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) உள்ள வண்டியில் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வைக்கோலும் பூச்சியும் கம்பளம்போல அடைந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மென்மையாகத் தண்ணீர் அடித்தால் போதும்.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அங்கே ஈரமோ வெள்ளைக் கறையோ இருந்தால் சீல் போய்விட்டது. புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தும் உள்ளே இறக்கை அரித்திருக்க வாய்ப்பு உண்டு, அதைக் கழற்றித்தான் பார்க்க முடியும். ஆகவே மற்றவை எல்லாம் தேறிய பிறகு பம்ப்பைக் கழற்றுங்கள். கீழ் ஹோஸைச் சோதிக்க ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். ரேஸ் கூடும்போது ஹோஸ் நடுவில் ஒட்டினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது, அல்லது ரப்பர் தளர்ந்துவிட்டது.

ஹெட்டை இறக்கும் முன்

இதுதான் பெரிய முடிவு. ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ஊகத்தில் யாரும் சொல்லக் கூடாது, ஏனென்றால் இறக்காமலே ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து, தண்ணீரை வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் சிக்கியிருந்த காற்று. அது அடங்கிய பிறகும் ரேஸ் செய்யச் செய்யக் குமிழி நிற்காமல் வந்தால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்போல இறுகினாலும் அதே பொருள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று அழுத்தம் வெளியேறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இவற்றுக்கு மேல், நீல நிறத் திரவம் உள்ள கசிவுச் சோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மாறிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகும். ஷெட்டில் இந்தக் கருவி இல்லாவிட்டால் இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். ஹெட்டை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்ததுபோல இருந்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், வெளியே கசிவே இல்லாமல் தினமும் தண்ணீர் குறைந்தால் இவையும் சாட்சிகள்தான். ஆனால் ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் மட்டும் கசிந்தால் ஆயிலில் எதுவும் தெரியாது.

சோதனை உறுதியானதும் இரண்டு வழி முன்னால் வரும். கேஸ்கட் மட்டும் மாற்றி மூடுவது ஒன்று. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி முறையாகச் செய்வது மற்றொன்று. முதல் வழியில் கொஞ்சம் பணமும் இரண்டு நாளும் மிச்சம். ஆனால் கேஸ்கட் தானாகப் போவதில்லை. ஹீட் ஆனதால் ஹெட் வளைந்திருக்கும், வளைந்த ஹெட் புதுக் கேஸ்கட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். நேர்விளிம்புப் பட்டையை ஹெட் மேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்காமல் மூட வேண்டாம். நான்கு சிலிண்டர் ஹெட்டில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளிகூடப் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட அளவின் ஓரம், அல்லது அதற்கு மேல். லேத்தில் சீவும்போது டீசல் இன்ஜினுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. சீவிய அளவுக்கு வால்வு பிஸ்டனுக்கு அருகில் வரும், ஆகவே வால்வின் ஆழத்தையும் அளந்து வால்வு உட்காரும் சீட்டைச் சரிசெய்ய வேண்டும். பல டிஐ (சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் தெளிக்கும்) இன்ஜின்களில் பிஸ்டன் எவ்வளவு மேலே எழும்புகிறது என்பதைப் பொறுத்துக் கேஸ்கட் பருமன் மாறும், கேஸ்கட் ஓரத்தில் இருக்கும் வெட்டோ துளையோ அதைக் குறிக்கும். பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். வால்வுகளுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, படிப்படியாக இறுக்க வேண்டும். கை அனுபவத்தில் இறுக்கினேன் என்று சொல்லும் ஷெட்டில் ஹெட் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மூடிய பிறகு ரேடியேட்டர் பழையபடியே அடைத்திருந்தால் இவ்வளவும் இரண்டு மூன்று மாதத்துக்குத்தான். ஹெட்டை இறக்குகிற அன்றே ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ் எல்லாம் முடித்துவிடுங்கள். முதல் காரணம் அங்கேதான் இருக்கும்.

முழு இன்ஜின் வேலை, பழைய இன்ஜின், விற்பது

ஹெட்டை இறக்கியபோது சிலிண்டர் சுவரில் கோடுகள் இருந்தால், முன்பே ஆயில் குடித்துப் புகை தள்ளிய வண்டியாக இருந்தால், ஹெட்டோடு நிறுத்துவதா, ரிங், பேரிங் என்று மொத்தமாகச் செய்வதா என்ற கேள்வி வரும். இன்ஜின் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்து, ஒரே ஒரு முறை கொதித்து, உடனே நிறுத்தப்பட்டது என்றால் ஹெட் வேலை போதும். பலமுறை கொதிக்கக் கொதிக்க ஓட்டிய வண்டியில் மேல்பாதியை மட்டும் புதுப்பித்தால், இறுகிய மேல்பகுதியின் அழுத்தத்தில் தேய்ந்த கீழ்பகுதி அடுத்துப் பேசத் தொடங்கும். அதற்கு மொத்தமாகச் செய்வதுதான் மலிவு.

பழைய இன்ஜின் மார்க்கெட்டில் ஒன்று வாங்கி மாற்றுவது வேகமானது. வண்டி சில நாட்களில் ரோட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்த இன்ஜின் ஏன் கழற்றப்பட்டது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டார்ட் செய்து காட்டாத இன்ஜினுக்கும், எங்கிருந்து வந்தது என்ற காகிதம் இல்லாத இன்ஜினுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். இன்ஜின் எண் மாறுவதால் ஆர்டிஓவில் ஆர்சியில் மாற்றிப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் எஃப்சி எனும் தகுதிச் சான்றுச் சோதனையின்போதும் விபத்து இன்சூரன்ஸ் கோரும்போதும் பிரச்சினை வரும்.

விற்பதா என்ற கணக்கில் எஃப்சியையும் சேர்த்துப் பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்சி. 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணமும் பல மடங்கு கூடிவிட்டது. 15 வயதை நெருங்கும் வண்டிக்கு, பாடியும் துருப்பிடித்திருந்து, முழு இன்ஜின் வேலையும் தேவை என்றால், ரேடியேட்டர் வரைக்கும் மட்டும் செய்து, குறையைச் சொல்லி விற்றுவிடுவதே என் தேர்வு. பத்து வயதில் சேசிஸும் கியர் பாக்ஸும் நன்றாக இருக்கும் வண்டிக்கு நான் தயங்காமல் ஹெட் வேலை செய்வேன். வேலை முடிந்ததும் முதல் வாரம் தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் குறைவது வழக்கம். நான்காவது நாளும் குறைந்தால் லோடு ஏற்றும் முன் ஷெட்டுக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.